மறைக்க எதுவும் இல்லாத மலை

எவரெஸ்டைப் பார்ப்பதற்கே மெனக்கெட வேண்டும். நேபாளப் பக்கத்தில் நுப்சேயும் லோட்சேயும் அதன் முன்னால் எழுந்து நிற்பதால், அடிவார முகாம்வரை நடந்து போனாலும் அங்கிருந்து உச்சி தெரிவதில்லை. எதிரே இருக்கும் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். கஞ்சன்ஜங்காவிடம் அந்தப் பிகு கிடையாது. டார்ஜிலிங் மால் ரோட்டில் தேநீர்க் குவளையோடு வடக்கே திரும்பினால் நிற்கிறது. மேகம் மட்டும் வழிவிட வேண்டும். மழைக்காலம் முடிந்த அக்டோபர், நவம்பர் காலைகளில் சிலிகுரிச் சமவெளியிலிருந்தே தெரியும். 8,586 மீட்டர், உலகின் மூன்றாவது உயரமான மலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறவர்களுக்கும் அன்றாடக் காட்சி.

இந்த வெளிப்படைத்தன்மையால்தான் ஒரு காலத்தில் இதுவே உலகின் மிக உயர்ந்த மலை என்று நினைத்தார்கள். 1847இல் ஆண்ட்ரூ வா டார்ஜிலிங் பக்கத்திலிருந்து கருவி வைத்து இதை அளந்தபோது, அதுவரை முதலிடத்தில் இருந்த தவுளகிரி கீழே இறங்கியது. பிறகு 1852இல் ராதாநாத் சிக்தார் போட்ட கணக்கில், தூரத்தில் ஒதுங்கி நின்ற இன்னொரு சிகரம் இதைவிடவும் உயரம் என்று தெரிந்தது. சரிபார்த்து வெளியே அறிவிக்க 1856 ஆகிவிட்டது. அந்த நில அளவைச் சங்கிலியின் முதல் கண்ணி எங்கள் ஊர்ப்பக்கம்தான். 1802இல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அந்த வேலை வடக்கே நகர்ந்து இமயத்தைத் தொடப் பல பத்தாண்டுகள் பிடித்தன. சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் பாக்டோக்ராவில் இறங்கிய எனக்கு இது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

கஞ்சன்ஜங்கா ஏன் இப்படிப் பளிச்சென்று தெரிகிறது? இமயத்தின் பிரதான வரிசையிலிருந்து சற்றுத் தெற்கே விலகி நிற்கிறது என்பது ஒரு காரணம். அதற்கும் சமவெளிக்கும் நடுவே மறைக்கிற அளவுக்கு எதுவும் இல்லை என்பது இன்னொன்று. சிங்கலீலா மலைமுதுகு தெற்கே இறங்கி வருகிறது, ஆனால் அதன் மேற்கு வங்கப் பகுதியில் உயரமான சந்தக்ஃபூவே 3,636 மீட்டர்தான். நம் பார்வை தடையில்லாமல் போகிற அதே வழியில் வங்கக் கடலின் ஈரக்காற்று தடையில்லாமல் வருகிறது. மேற்கே ராஜ்மகால் குன்றுகள், கிழக்கே காரோ குன்றுகள், இரண்டுக்கும் நடுவே திறந்த வாசல். அதில் நுழையும் பருவக்காற்று நேராகப் போய் இந்தச் சுவரில் முட்டுகிறது. டார்ஜிலிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, சென்னையில் பெய்வதைப்போல இரண்டு மடங்கு. மேலே அதுவே பனியாக விழுகிறது. சரிவுகளில் தங்கி, கனத்து, விளிம்புகளில் தொங்கி, ஒருநாள் உடைந்து கொட்டுகிறது. பார்க்க எளிதாக இருப்பதும் ஏறக் கொடூரமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான். 2025 ஏப்ரலில் சிக்கிம் பக்கமாக இதன் காலடிவரை நடந்தபோது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்.

சிலிகுரியிலிருந்து யுக்சம் போக ஷேர் ஜீப். முன்னிருக்கை கிடைத்தால் அதிர்ஷ்டம், பின்னால் என்றால் முழங்கால்கள் தாடையைத் தொடும். சேவோக் தாண்டியதும் தீஸ்தா கூடவே வருகிறது. கரையோர வீடுகள் சிலவற்றின் கீழ்த்தளம் மணலுக்குள் புதைந்திருந்தது. 2023 அக்டோபர் 4ஆம் தேதி அதிகாலையின் மிச்சம். வடக்கு சிக்கிமில், கஞ்சன்ஜங்காவுக்கு வடக்கே, தெற்கு லோனாக் என்றொரு பனியாற்று ஏரி. பனியாறு உருகிப் பின்வாங்கப் பின்வாங்க அந்த ஏரி பெருத்துக்கொண்டே வந்தது. முந்தைய இரவு கரைமேடு சரிந்து ஏரிக்குள் விழ, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்நிலையத்தின் அணையை அடித்துக்கொண்டு போனது. ஆறு மணலையும் பாறையையும் கொட்டிப் படுகையையே உயர்த்திவிட்டதால், இப்போது சாதாரண மழைக்கே தீஸ்தா பஜாரில் சாலைக்குத் தண்ணீர் ஏறிவிடுவதாக டிரைவர் சொன்னார். சொல்லும்போது ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மட்டம் காட்டினார். கையை மறுபடி ஸ்டியரிங்கில் வைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஜோர்தாங்கில் ரங்கீத் ஆற்றங்கரை கடல்மட்டத்துக்கு மேலே 300 மீட்டர் சொச்சம். வாழையும் மூங்கிலும் வியர்வையும். அங்கிருந்து நேர்கோட்டில் 70 கிலோமீட்டருக்குள் 8,586 மீட்டர் உச்சி இருக்கிறது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரத்தில் வெப்பமண்டலத்தில் தொடங்கித் துருவக் குளிர்வரை எல்லாத் தட்பவெப்பமும் அடுக்கப்பட்டிருக்கின்றன. உலகில் வேறெங்கும் இவ்வளவு நெருக்கமாக இது இருக்குமா என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் எத்தனையோ தாவரவியலாளர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களில் முதன்மையானவர் ஜோசப் ஹூக்கர். 1848, 1849 ஆண்டுகளில் சிக்கிம் முழுக்க அலைந்து செடி சேகரித்தார். அனுமதி இல்லாமல் திபெத் எல்லைக்குப் போய் வந்ததற்காக சிக்கிம் அரசு அவரையும் டார்ஜிலிங் அதிகாரி கேம்ப்பெல்லையும் பிடித்து வைத்தது. அந்தச் சாக்கில் பிரிட்டிஷார் சிக்கிமின் தெற்கு நிலங்களைத் தமதாக்கிக்கொண்டார்கள். பூ பறிக்கப் போனவரால் ஒரு நாட்டின் எல்லைக்கோடு மாறிப்போயிற்று.

யுக்சம் 1,780 மீட்டர் உயரத்தில் ஒரே ஒரு தெருவைக்கொண்ட ஊர். தெருவில் பாதி ஹோம்ஸ்டே, பாதி வாடகைத் தூக்கப்பைக் கடைகள். ஆனால் சிக்கிம் அரசு பிறந்த இடம் இது. 1642இல் மூன்று லாமாக்கள் சேர்ந்து புந்த்சோக் நம்கியாலை முதல் சோக்யாலாக இங்கேதான் முடிசூட்டினார்கள். நோர்புகாங்கில் அந்தக் கல் ஆசனங்கள் இன்னும் இருக்கின்றன, எதிரே கல்லில் ஒரு காலடித் தடமும். லாமாக்களில் ஒருவரான லாட்சுன் சென்போ, மலையைக் காவல் தெய்வமாக வழிபடும் சடங்குகளை வகுத்தவர் என்கிறார்கள். ஆனால் மலை அவருக்கு முன்பே இங்கே தெய்வம்தான். லெப்சா மக்களின் கதைப்படி முதல் ஆணும் முதல் பெண்ணும் இந்த உச்சியின் தூய பனியைப் பிசைந்து செய்யப்பட்டவர்கள். மலைக்குப் பின்னே மாயெல் என்றொரு மறைநாடு உண்டு, அங்கே மூப்பும் சாவும் இல்லாதவர்கள் வாழ்கிறார்கள். பூட்டியா வழக்கில் மலைத்தெய்வம் சிவந்த முகத்தோடு பனிச்சிங்கத்தின் மேல் ஏறி வருகிறது. உப்பு, பொன், மறைநூல், ஆயுதம், தானியமும் மருந்தும் என ஐந்து செல்வங்களை அது பாதுகாக்கிறது. பட்டியலில் உப்பு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. திபெத்திலிருந்து கணவாய் தாண்டிக் கால்நடையாய் உப்பு வந்த ஊர்களில் வேறெதை முதலில் பூட்டி வைப்பார்கள்? ஆண்டுதோறும் பாங் லாப்சோல் திருவிழாவில் முகமூடி அணிந்து ஆடும் ஆட்டத்தில் அந்தத் தெய்வம் இறங்கி வருகிறது.

வனத்துறைச் சாவடியில் பை திறந்து காட்ட வேண்டும். எத்தனை பிஸ்கட் பாக்கெட், எத்தனை பிளாஸ்டிக் உறை என்று எழுதிக்கொள்கிறார்கள், திரும்பும்போது குப்பையாக அதே எண்ணிக்கை வர வேண்டும். விறகு வெட்டத் தடை, எரிவாயு உருளை தூக்கிக்கொண்டு போக வேண்டும். இவையெல்லாம் அரசு ஆணையால் மட்டும் வந்தவை அல்ல, 1990களில் யுக்சம் ஊர்க்காரர்களே குழு அமைத்துத் தொடங்கி வைத்த பழக்கங்கள். இந்தக் காடு 1977 முதல் தேசியப் பூங்கா. 2016இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இயற்கை, பண்பாடு என்ற இரண்டு தகுதிகளிலும் சேர்ந்தது. இந்தியாவில் அப்படிச் சேர்ந்த முதல் இடம் இதுதான்.

முதல் நாள் நடை காட்டுக்குள். பிரேக் சூ ஆறு கீழே எங்கேயோ இரைகிறது. தொங்குபாலங்கள் வரும்போது, எதிரே மணியோசை கேட்டால் ஒதுங்கிவிட வேண்டும். அது ட்ஸோ, யாக்குக்கும் பசுவுக்கும் பிறந்த பொதிமாடு. பாலத்தின் நடுவில் நம்மைப் பார்த்தால் நிற்காது. கடைசிப் பாலத்துக்குப் பிறகு பாதை செங்குத்தாகி, திபெத்திய அகதிகள் குடியேறிய சோக்காவில் 3,000 மீட்டரைத் தொடும்போது மூச்சு தானாகவே எண்ணிக்கைக்கு வந்துவிடுகிறது.

சோக்காவுக்கு மேலே ரோடோடென்ட்ரான் காடு. ஏப்ரல் கடைசியில் சிவப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எனப் பல இனங்கள் ஒரே நேரத்தில் பூத்திருந்தன. காலடியில் சேறு என்பதால் மரக்கட்டைகளைப் பரப்பிப் பாதை போட்டிருந்தார்கள். அதன் மேல் உதிர்ந்த பூக்கள், அவற்றின் மேல் பொதிமாட்டுச் சாணம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் திரிந்தவர்களுக்கு இந்த மரம் அந்நியமல்ல. அங்கே சோலைகளின் ஓரத்தில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசு இதே குடும்பம்தான். இமயத்துக்கும் நீலகிரிக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டர் வெப்பச் சமவெளியில் இது எங்கும் இல்லை. பூமி குளிர்ந்திருந்த காலத்தில் தெற்கே பரவியதும், வெப்பம் திரும்பியபோது உச்சிகளில் மட்டும் தங்கிவிட்டதுமே காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம்.

ஜோங்ரி 4,000 மீட்டர். கடல்மட்டத்தில் கிடைக்கும் காற்றழுத்தத்தில் அறுபது விழுக்காடுதான் இங்கே. அதன் விளைவுகள் சில கௌரவமானவை அல்ல. தலைவலி, பசியின்மை, சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை கூடாரத்தை விட்டு வெளியேறுவது, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது. தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பாத்திரத்தில் சோறு வேகாது, குக்கர்தான் சமையல்காரரின் உயிர்நாடி. எட்டு விசில் விட்டும் அரிசி நடுவில் ஒரு முனை மிச்சம் வைத்தது. தினமும் மாலை பூண்டு சூப் ஒன்று கட்டாயம். மலைநோய்க்கு மருந்து என்கிறார்கள். மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை, ஆனால் அந்தக் குளிரில் சூடாக எதைக் கொடுத்தாலும் மருந்துதான். உண்மையான மருந்து மெதுவாக ஏறுவதும், தலைவலி முற்றினால் வெட்கப்படாமல் இறங்குவதும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துவிட்டால் இறங்குவது ஒன்றே வழி, அதுவும் உடனடியாக.

விடியற்காலை ஜோங்ரி மேட்டில் ஏறி நின்றோம். இடமிருந்து வலமாக ராத்தோங், கப்ரு, பாந்திம். இவற்றுக்குப் பின்னால் எங்கோ ஒதுங்கி கஞ்சன்ஜங்கா. உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். பக்கத்தில் இருக்கும் கப்ரு அதைவிட உயரமாகத் தோன்றுகிறது. கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு குழு மட்டும் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. வங்காளிகளுக்கு இந்த மலைமேல் இருப்பது ஒருவகைக் குடும்பப் பாசம். சத்யஜித் ராய் 1962இல் தன் முதல் வண்ணப்படத்துக்கு இதன் பெயரையே வைத்தார். விடுமுறைக்கு வந்த குடும்பம் படம் முழுக்க மேகம் விலகக் காத்திருக்கும். கடைசியில் விலகும்போது பார்க்க வேண்டியவர் தன் கவலையில் இருப்பார்.

மலையின் அமைப்பு எனக்குப் பிடிபட்டது இந்த மேட்டில்தான். வழிகாட்டி, யுக்சத்தைச் சேர்ந்த லிம்பு இளைஞன், ஈர மண்ணில் குச்சியால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினான். மையத்தில் உச்சி. அதிலிருந்து நான்கு மலைமுதுகுகள் நான்கு திசைக்கும் ஓடுகின்றன. இரண்டு முதுகுகளுக்கு இடையில் ஒவ்வொரு பனியாறு. வடகிழக்கில் ஜெமு, தென்கிழக்கில் தாலுங், தென்மேற்கில் யாலுங், வடமேற்கில் மலையின் பெயரையே கொண்ட பனியாறு. ஜெமு மட்டும் 26 கிலோமீட்டர் நீளம், கிழக்கு இமயத்தில் பெரியது. உச்சிகளும் ஒன்றல்ல, ஐந்து. நான்கு 8,400 மீட்டருக்கு மேல், ஐந்தாவதான கங்பச்சென் மட்டும் 8,000க்குச் சற்றுக் கீழே. பிரதான உச்சியின் மேலேயே இந்திய–நேபாள எல்லை ஓடுகிறது. ஒருபக்கம் உருகும் நீர் தீஸ்தாவுக்கு, மறுபக்கம் தாமூர் வழியாகக் கோசிக்கு. அப்படியானால் ஏறுவதற்கு எத்தனை வாசல்? ஒவ்வொன்றையும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

முதல் முயற்சி 1905இல், யாலுங் பக்கம். தலைவர் அலெய்ஸ்டர் குரோலி, மாந்திரீகத்தில் பின்னாளில் பெயரெடுத்த அதே ஆசாமி. செப்டம்பர் முதல் தேதி, குழுவில் சிலர் அவரோடு சண்டையிட்டுக் கீழே இறங்கும்போது பனிச்சரிவில் சிக்கினார்கள். அலெக்ஸி பாஷ் என்ற சுவிஸ் வீரரும் மூன்று சுமைதூக்கிகளும் இறந்தார்கள். மேல் முகாமில் இருந்த குரோலி உதவிக்கு வரவில்லை. இதுபோன்ற விபத்துகளில் தனக்கு அனுதாபம் எழுவதில்லை என்ற தோரணையில் பின்னர் எழுதவும் செய்தார். பாஷின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு, மூன்று சுமைதூக்கிகளை வெறும் எண்ணிக்கையாகவே எழுதிவிட்டுப் போகிறார்கள்.

பிறகு பவுல் பவர் தலைமையில் ஜெர்மானியர்கள், 1929இலும் 1931இலும். அவர்கள் பிடித்தது ஜெமு பக்கத்து வடகிழக்குக் கிளைமுகடு. அதில் கூடாரம் போட இடமே கிடையாது. பனிக்குள் குகை குடைந்து தங்கினார்கள், வழியை மறித்த பனிக்கோபுரங்களை வெட்டிச் சாய்த்தும் துளைத்தும் முன்னேறினார்கள். முதல்முறை நாட்கணக்கில் அடித்த புயல் விரட்டியது. இரண்டாம் முறை ஹெர்மன் ஷாலரும் பசாங் என்ற ஷெர்பாவும் விழுந்து இறந்தார்கள், ஆனாலும் விடாமல் ஏறி 7,700 மீட்டர் அளவுக்குப் போய், முகட்டின் தலைமாட்டில் எப்போது சரியுமென்று சொல்ல முடியாத ஒரு பனிச்சரிவைக் கண்டு திரும்பினார்கள். இடையில் 1930இல் டீரன்ஃபர்த்தின் பன்னாட்டுக் குழு வடமேற்கில் முயன்றது. மேலே தொங்கிய பனிச்சுவர் உடைந்து செத்தான் என்ற அனுபவசாலி ஷெர்பாவைப் பலிகொண்டது. பருவக்காற்று கொண்டுவந்து சேர்த்த பனிதான் ஒவ்வொரு முறையும் கணக்குத் தீர்த்தது.

ஜோங்ரியிலிருந்து இறங்கி, மறுபடி பிரேக் சூவைப் பிடித்து, தான்சிங் புல்வெளியில் ஏறி, லாமுனேயில் கூடாரம். அந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காற்று, கல், காற்று. அதிகாலை இரண்டரைக்குத் தலைவிளக்குகளோடு கிளம்பினோம். சமிதி ஏரியைக் கடந்தபோது அதன் விளிம்பில் கண்ணாடி போன்ற பனித்தகடு. பிறகு பனியாறு என்றோ தள்ளிக் குவித்துவிட்டுப்போன கல்மேட்டின் முதுகில் ஏற்றம். பத்து அடிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருந்தது. நின்றால் குளிர், நடந்தால் மூச்சு. 4,600 மீட்டரில் முதல் காட்சிமுனை. கோச்சா லா கணவாய் இன்னும் மேலே, 4,940 மீட்டரில். ஆனால் இப்போது பெரும்பாலான குழுக்களைப்போல நாங்களும் இங்கேயே நின்றுவிட்டோம்.

இங்கே எந்த மலையும் குறுக்கே இல்லை. உச்சிக்கு நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டருக்குள் நிற்கிறோம், நமக்கும் அதற்கும் செங்குத்து உயரத்தில் நான்கு கிலோமீட்டர் இடைவெளி. முதல் வெயில் உச்சியில் விழுந்து ஆரஞ்சாகி, மஞ்சளாகி, நாங்கள் புகைப்படம் எடுத்து முடிப்பதற்குள் வெறும் வெள்ளையாகிவிட்டது. வண்ணம் போன பிறகுதான் எனக்கு மலை சரியாகத் தெரிந்தது. மேல்முகட்டின் விளிம்பிலிருந்து பனி புகைபோல் கிழக்கே சீறிக்கொண்டிருந்தது, அது மேலே வீசும் பெருங்காற்றின் அடையாளம். தெற்கு முகத்தில் பனிச்சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அங்கிருந்த நேரத்தில் ஒன்று உடைந்தது. முதலில் வெண்புழுதி இறங்கியது, வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது.

1955இல் முதல் வெற்றி கண்ட வழி இங்கிருந்து தெரியாது. அது மலையின் தோளுக்கு அந்தப் பக்கம், யாலுங் முகத்தில். அந்தக் குழுவின் தலைவர் சார்லஸ் எவன்ஸ், அறுவை மருத்துவர். அவர் கதையில் இரண்டு வருடம் பின்னே போக வேண்டும். 1953 மே 26 அன்று எவரெஸ்டின் தெற்கு உச்சிவரை முதலில் ஏறிய இருவரில் அவர் ஒருவர். ஏறத்தாழ நூறு மீட்டர் உயரம் மிச்சம். ஆக்சிஜன் கருவியில் கோளாறு, நேரமும் இல்லை. அவரும் உடன் ஏறிய போர்டில்லனும் திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து ஹிலாரியும் டென்சிங்கும் ஏறினார்கள். உலகம் எந்தப் பெயர்களை நினைவில் வைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

அந்த எவன்ஸிடம் 1955இல் வந்த நிபந்தனை விசித்திரமானது. மலையின் புனிதத்தைச் சொல்லி, உச்சியை மிதிக்கக் கூடாது என்று சிக்கிம் தரப்பு கேட்டது. அவர் ஒப்புக்கொண்டார். ஏறும் வழி நேபாளத்தில் இருந்தது, யாரும் மேலே வந்து பார்க்கப்போவதும் இல்லை. மே 25 அன்று ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் கடைசி முகாமிலிருந்து கிளம்பினார்கள். பிரவுன் மான்செஸ்டர்க்காரர், குழாய் வேலை கற்ற தொழிலாளி, பாறை ஏறுவதில் அசகாயர். வழி தவறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாக்கியபின், உச்சிக்குக் கீழே ஒரு செங்குத்துப் பாறை மறித்தது. அதில் ஒரு வெடிப்பு. ஆக்சிஜனைக் கூட்டி வைத்துக்கொண்டு பிரவுன் அந்த வெடிப்பில் ஏறினார். 8,500 மீட்டருக்கு மேல், காற்று மூன்றில் ஒரு பங்காகிவிட்ட இடத்தில், அன்றுவரை யாரும் அவ்வளவு கடினமான பாறையை ஏறியதில்லை. மேலே வந்து பார்த்தால், சில அடி தூரத்தில் பனிக்கூம்பு, ஏற ஒன்றுமே இல்லை. இருவரும் அங்கேயே நின்று திரும்பினார்கள். மறுநாள் வந்த நார்மன் ஹார்டியும் டோனி ஸ்ட்ரீதரும் இன்னும் கொஞ்சம் சுற்றிப்போய், பாறையைத் தொடாமலே பனியில் ஓர் எளிய வழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்களும் உச்சிக்குக் கீழே நின்றுகொண்டார்கள்.

இரண்டாவது ஏற்றம் வர இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 1977இல் கர்னல் நரீந்தர் குமார் தலைமையில் இந்திய ராணுவக் குழு, ஜெர்மானியர்களை விரட்டிய அதே வடகிழக்குக் கிளைமுகட்டில். மேஜர் பிரேம் சந்தும் நாயக் நீமா தோர்ஜேயும் மே 31 அன்று முடித்தார்கள், அவர்களும் சில அடி விட்டு நின்றார்கள். 1979இல் ஸ்காட், போர்ட்மன், டாஸ்கர் மூவரும் வடக்கிலிருந்து ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறியபோதும் அப்படியே. எல்லோரும் இந்த வழக்கத்தைக் காத்ததாகச் சொல்ல முடியாது. எல்லோரும் திரும்பியும் வரவில்லை. 1992 மே மாதத்தில், உலகின் தலைசிறந்த பெண் மலையேறியான போலந்தின் வாண்டா ருட்கீவிச்சை, உச்சியிலிருந்து இறங்கி வந்த கார்லோஸ் கார்சோலியோ 8,000 மீட்டருக்கு மேல் சந்தித்தார். வாண்டா இறங்க மறுத்து, காலையில் ஏறுவதாகச் சொல்லித் தங்கினார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை.

சிக்கிம் பக்கமாக இப்போது யாரும் ஏற முடியாது. 2000இல் ஓர் ஆஸ்திரியக் குழுவுக்கு அனுமதி கொடுத்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. 2001இல் மாநில அரசு தடை விதித்தது. இதை நான் ஒரு நகரத்து அனுதாபத்தோடு மெச்சிப் பேசத் தொடங்கியபோது வழிகாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு தன் ஊர்ச் சேதி சொன்னான்.

“எங்க பாட்டி என்ன சொல்வாங்க தெரியுமா சார், மேல யாராவது ஏறுனா அந்த வருஷம் ஏலக்காய் போச்சு. நோவு வந்து செடி மஞ்சளாயிடும்.”

“நீ நம்புறியா?”

“ஏலக்காய் போயிட்டுதானே இருக்கு. நோவுன்னு ஆபீசர் சொல்றாங்க, மழை தப்புதுன்னும் சொல்றாங்க. பாட்டி ஒண்ணு சொல்றாங்க. எல்லாத்துக்கும் இடம் இருக்கு சார்.”

அப்புறம் அவன் சாதாரணமாகச் சொன்ன இன்னொன்றுதான் என்னை நிமிர வைத்தது. அவனுடைய மாமா மகன் நேபாளத்தில், தாப்லேஜுங் பக்கம். அதே லிம்பு இனம், அதே மலை. அவன் அந்த நேரத்தில் யாலுங் பக்க அடிவார முகாமில் வெளிநாட்டுக் குழு ஒன்றுக்குச் சமையல் உதவியாளன். ஏப்ரலும் மே மாதமும்தான் சீசன், அதில் வருவதுதான் வருடத்துக்கான பணம். நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்தக் காலையில், மலையின் மறுபக்கத்தில் மேல் முகாம்களுக்குக் கயிறு கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்தத் தடை சரியென்றே படுகிறது. ஆனால் அது பாதி மலைக்கு மட்டும்தான் என்பதையும், மறுபாதியின் கிராமங்களுக்கு ஏலக்காயும் உருளைக்கிழங்கும் போக மிச்சமிருக்கும் வருமானம் மலையேறிகள்தான் என்பதையும் மறைத்துவிட்டு அதைப் புகழ்வது நேர்மையாகாது. இரண்டு மைத்துனர்களில் ஒருவன் மலையைக் காட்டிப் பிழைக்கிறான், இன்னொருவன் மலையில் ஏறுகிறவர்களுக்குச் சோறு வடித்துப் பிழைக்கிறான்.

நாங்கள் ஊர் திரும்பிச் சில வாரங்களில் சேதி வந்தது. அருணாசலப் பிரதேசத்திலிருக்கும் தேசிய மலையேற்ற நிறுவனத்தின் குழு ஒன்று மே 18 அன்று நேபாள வழியாக உச்சியை அடைந்திருந்தது. சிக்கிம் முதல்வர் ஒன்றிய உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2001 அறிவிப்பையும் வழிபாட்டிடங்கள் பற்றிய 1991ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துக்காட்டி, இது தம் மக்களின் நம்பிக்கையை மீறிய செயல் என்றார். அந்தச் செய்தியை வழிகாட்டிக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டேன்.

கடிதம் சரிதான், ஊரில் எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள் என்று பதில் வந்தது. மாமா மகன் என்ன சொல்கிறான் என்று கேட்டதற்கு, அவன் இன்னும் முகாமை விட்டு இறங்கவில்லை, கடைசிக் குழுவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறான் என்றான். கூடவே, அடுத்த அக்டோபருக்கு யாராவது வருவதாக இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பொதிமாட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றும்.